சாவிக்காரர் வைக்காத கோரிக்கை

அன்றைக்குக் கடையைத் திறந்ததிலிருந்து பெண்கள் சாவிக்காரரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

முதலில் பழக்காரம்மா சிரித்தாள். போன வாரம் அவள் வீட்டுப் பூட்டைத் திறந்து கொடுத்ததற்காக இருக்கும் என்று விட்டுவிட்டார். பிறகு பேருந்துக்கு ஓடிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் ஓட்டத்தை நிறுத்தி, அவரைக் காட்டி ஏதோ பேசி, சிரித்துத் தலையாட்டிவிட்டு மறுபடி ஓடினார்கள். அந்தச் சந்தை முக்கில் அவர் தகரக் கடை போட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை காலத்தில் எந்தப் பெண்ணும் அவரைப் பார்த்துச் சிரித்ததில்லை. அவர் முகவாகு அப்படி. "ஊரையே திருடன் மாதிரிப் பாக்கறீங்க" என்பாள் மனைவி. சட்டைப் பித்தான்களைத் தடவிப் பார்த்தார். எல்லாம் அதனதன் ஓட்டையில் இருந்தன. சுவர்ப்பக்கம் திரும்பி பேண்ட் ஜிப்பையும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார்.

பெண்களாவது சிரித்தார்கள். ஆண்கள் பரிதாபப்பட்டார்கள். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. எதிர்க்கடை முட்டைக்காரர் வேலையைப் போட்டுவிட்டு வந்து, அவர் தோளில் கை வைத்தார்.

"வெட்கப்படாதீங்கண்ணே. எங்க சித்தப்பாவுக்கும் இதே கதைதான். வயசானா ஆம்பளைக்கு வர்றதுதான்."

"எது வர்றது?"

"அதாண்ணே..." முட்டைக்காரர் இடுப்புக்குக் கீழே காற்றில் ஒரு வட்டம் போட்டார். "அடக்க மட்டும் அடக்காதீங்க. அடக்கினா சிறுநீரகத்துக்குப் போயிடும்."

சாவிக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கேட்கலாம் என்றால் மனைவி பேசுகிற நிலையில் இல்லை. அவரது கடையை ஒட்டி ஒரு மரப்பலகையும் தையல் மெஷினும்தான் அவளுடைய கடை. பழைய உடைகளுக்கு ஜிப் மாற்றுவது, நீளம் குறைப்பது, கிழிசல் தைப்பது. இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு தகரம்தான். ஆனால் முந்தாநாள் சண்டைக்குப் பிறகு அந்தத் தகரம் கோட்டைச் சுவராகிவிட்டது. அவள் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். குண்டூசி இருந்தால் பேச வேண்டாம் அல்லவா.

சாவிக்காரர் கலகலப்பானவர் இல்லையே தவிர, கெட்டவர் இல்லை. வாலிபத்தில் பூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். அதை மூடியபோது கையில் கிடைத்ததை வைத்துச் சாவி வெட்டும் மெஷின் ஒன்று வாங்கினார். காலையில் வந்து, வெற்றுச் சாவிகளைக் கொக்கியில் மாட்டி, மெஷினில் படிந்த பித்தளைத் தூளைத் தட்டிவிட்டு உட்கார்ந்தால், சாயங்காலம் வரை தலைநிமிர மாட்டார். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து அவள் வேறு ஊரில் இருக்கிறாள். ஓட்டுப் போடுவார், யாருக்குப் போட்டோம் என்று மறுநாளே மறந்துவிடுவார். பேருந்துப் பலகை படிப்பார், விலைச்சீட்டு படிப்பார். நாலு வரிக்கு மேல் போனால் எழுத்துகள் எறும்பாகி ஊர்ந்துவிடும்.

மதியம் கொழுந்தியாள் வந்தாள். மனைவியின் தங்கை, சந்தைக்குள்ளேயே செல்போன் கடையில் வேலை செய்பவள். வந்தவள் சிரித்தாள் என்று சொன்னால் போதாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, நீங்கதானா இது? நீங்களா இப்படிப் பேசினீங்க?"

"நான் யார்கிட்டயும் ஒண்ணும் பேசலையே."

"ஆயிரத்துச் சொச்சம் பேரு 'ஆமாம்' போட்டிருக்காங்க. வார்டுலயே உங்களுதுதான் முதல்ல நிக்குது."

அப்போதுதான் விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. நகராட்சி புதிதாக ஒரு செயலி கொண்டுவந்திருந்தது. 'வார்டுக் குரல்' என்று பெயர். குறை இருந்தால் அதில் பேசினால் போதும். அதுவே எழுதி எல்லார் போனிலும் காட்டும். மற்றவர்கள் 'ஆமாம்' என்றோ 'இல்லை' என்றோ அழுத்துவார்கள். அதிக 'ஆமாம்' வாங்கும் கோரிக்கையை வார்டுக் கூட்டத்தில் எடுத்து, ஒதுக்கிவைத்த பணத்தில் செய்து கொடுப்பார்கள். எழுதத் தெரியாதவர்களும் வாய் இருந்தால் வரலாம் என்று வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். கொழுந்தியாள்தான் மாமாவின் போனில் அதைப் போட்டுக் கொடுத்தாள்.

முந்தாநாள், கடை முன்னால் உடைந்து கிடந்த சாக்கடை மூடியைப் பற்றிச் சொல்லலாம் என்று சாவிக்காரர் அதைத் திறந்தார். ஒலிவாங்கிப் படத்தை அழுத்தி, "வணக்கம், நான் சந்தை முக்குல சாவிக்காரர் பேசறேன்" என்று சொல்லிவிட்டு மறுமுனையில் யாராவது பேசுவார்கள் என்று காத்திருந்தார். யாரும் பேசவில்லை. "ஹலோ, ஹலோ" என்று பார்த்தார். லைன் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று போனை அணைக்காமலே பித்தளைத் தூளுக்கு நடுவே மேஜையில் வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மனைவி மருத்துவமனையிலிருந்து வந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டார். அவ்வளவுதான். மடை உடைந்தது.

அந்த மடை இப்போது எழுத்தாக போனில் இருந்தது. கொழுந்தியாள் உரக்கப் படித்தாள்.

"வணக்கம். நான் சந்தை முக்கில் சாவிக்காரர். காலையில் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதோடு சரி. அதற்குப் பிறகு சாயங்காலம் வரை எச்சிலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்கிறார் டாக்டர். குடித்தால் எங்கே போவது? அவர் வீட்டுக்கா? இத்தனை பெரிய சந்தையில் ஆண்களுக்குச் சுவர் இருக்கிறது. பெண்களுக்கு என்ன இருக்கிறது? கொஞ்சம் அடக்கிக்கொண்டால் என்ன என்று கேட்கிறார்கள். எல்லாப் பெண்களும் இருக்கவில்லையா என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்கிறவர்களை ஒரே ஒரு நாள் இந்தப் பலகையில் உட்காரவைத்து எழுந்திருக்க விடக் கூடாது."

சாவிக்காரர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பேசியதில் வணக்கம் மட்டும்தான் அவருடையது. இல்லை, இன்னும் ஒன்றும் அவருடையதுதான். 'கொஞ்சம் அடக்கிக்கிட்டா என்ன, எல்லாப் பொம்பளைங்களும் இருக்கலையா' என்று கேட்டது சாட்சாத் அவரேதான். அதை அந்தச் செயலி யாரோ கல்நெஞ்சக்காரன் கேட்டது போல மாற்றி, அவனைத் திட்டுகிற நியாயஸ்தனாக அவரையே நிறுத்தியிருந்தது.

"இது எப்படி..."

"பேசுறதுல விக்கல் திக்கல் எல்லாத்தையும் எடுத்துட்டு அதுவா ஒழுங்குபண்ணி எழுதிடும் மாமா. இருக்கிறது ரெண்டு குரல்னு அதுக்குத் தெரியல. எல்லாத்தையும் உங்க பேருலயே போட்டிருச்சு."

பெண்கள் ஏன் சிரித்தார்கள் என்று புரிந்தது. முட்டைக்காரர் ஏன் வட்டம் போட்டார் என்றும் புரிந்தது. ஆனால் தான் இப்போது சந்தோஷப்பட வேண்டுமா, நாக்கைப் பிடுங்கிக்கொள்ள வேண்டுமா என்பது மட்டும் புரியவில்லை.

தகரத்துக்கு அந்தப் பக்கம் மெஷின் நின்றது. மனைவி எழுந்து வந்தாள். குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையிலிருந்த சட்டைத் துணியில் குத்திக்கொண்டே சொன்னாள்.

"எத்தனை வருஷமா சொல்றேன்? ஒருத்தர் காதுலயும் ஏறல. இவர் பேருல வந்ததும் ஊரே ஆமாம் போடுது!"

"இந்தா, இப்பவே எடுத்துடச் சொல்றேன். பேரை மாத்தி உன் பேருல போட்டுடலாம்" என்றார் அவர் அவசரமாக.

கொழுந்தியாள் உதட்டைப் பிதுக்கினாள். இவ்வளவு பேர் ஆமாம் போட்ட பிறகு எடுக்க முடியாதாம். பேரை மாற்றலாம்தான், ஆனால் அக்கா அதில் இல்லவே இல்லை. ஒரு போன் எண்ணுக்கு ஓர் ஆள்தான். அக்காவின் போன் எண்ணும் மாமா பேரில் வாங்கியது. ஆக, வார்டுக் குரலைப் பொறுத்தவரை அப்படி ஒரு பெண்மணி இந்த வார்டில் பிறக்கவேயில்லை.

அதைக் கேட்டு மனைவி கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கோபப்படவில்லை. "அப்ப எனக்கு ஒரு நம்பர் போடு" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு அப்போதே அவளோடு செல்போன் கடைக்குப் போய்விட்டாள்.

புது எண் செயலியில் ஏறுவதற்குள் பேரை மாற்றும் கெடு முடிந்துவிட்டது. வார்டுக் கூட்டம் பள்ளிக்கூட அரங்கில் நடந்தது. சாவிக்காரர் அதற்கு முன் அப்படி ஒரு கூட்டத்துக்குப் போனதேயில்லை. முன்வரிசையில் ஒரு நாற்காலியில் 'கோரிக்கையாளர்' என்று ஒட்டியிருந்தது. அங்கேதான் உட்கார வேண்டும் என்றார்கள். நெருப்பில் உட்கார்ந்தது போல உட்கார்ந்தார். மனைவியும் கொழுந்தியாளும் பின்னால் சந்தைப் பெண்களோடு இருந்தார்கள். பெரிய திரையில் அவர் பெயரும் படமும் வந்தன. கொழுந்தியாள் எப்போதோ எடுத்த படம். அதில் அவர் எதையோ தொலைத்தவர் போல இருந்தார்.

வார்டு உறுப்பினர் ஒலிவாங்கியைப் பிடித்துப் புகழ ஆரம்பித்தார். ஓர் ஆணாக இருந்தும் பெண்களின் வலியைத் தன் வலியாகச் சொன்ன பெரிய மனசு என்றார். கைதட்டல் எழுந்தது. அந்தக் கைதட்டலில் சாவிக்காரருக்கு வியர்த்துவிட்டது. கூப்பிட்டுக் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தபோது வாயில் வந்தது இதுதான்:

"சாக்கடை மூடி உடைஞ்சிருக்கு."

அரங்கம் ஒரு கணம் யோசித்துவிட்டுச் சிரித்தது. சாக்கடை வேறு துறை என்று யாரோ சொன்னார்கள். அவர் எச்சிலை விழுங்கினார்.

"ஐயா, மன்னிக்கணும். அதுல இருக்கிறது நான் பேசினது இல்ல. என் வீட்டுக்காரி பேசினது. நான் பேசினது... நடுவுல ஒரு கேள்வி வருதுல்ல, அடக்கிக்கிட்டா என்னன்னு. அதுதான் நான்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. வார்டு உறுப்பினர் பக்கத்திலிருந்த பெண் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் தன் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தார். இதற்கு விதி என்னவென்று அதிலும் இல்லை போலிருந்தது. கடைசியில் பொறியாளர்தான் சொன்னார்: "பேசினவங்களே வரட்டுமே."

மனைவி வந்தாள். ஒலிவாங்கியை வாங்கினாள். அரங்கத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "அதுல... எழுதியிருக்கிறதுதான்" என்றாள். மேலே வார்த்தை வரவில்லை. வீட்டில் வாயைத் திறந்தால் வானத்தை வில்லாக வளைப்பவள் இப்படி நின்று சாவிக்காரர் பார்த்ததில்லை. அவருக்கு என்னவோ போலாகிவிட்டது. ஒலிவாங்கி பக்கத்தில் இருக்கிறது என்பதை மறந்து சொன்னார்:

"ஏய், ஊரைப் பாக்காத. என்னைப் பாரு. அன்னிக்கு என்னைத் திட்டின மாதிரித் திட்டு."

அது அரங்கம் முழுக்கக் கேட்டது. மனைவி அவரைப் பார்த்தாள். பார்த்ததும் கோபம் தானாக வந்துவிட்டது.

"திட்டுறதா? உங்களைத் திட்டித் திட்டி என் வாய்தான் வலிக்குது! நீங்க நெனைச்ச நேரம் சுவரோரம் போவீங்க. நான் வெயில்ல வாயைக் கட்டி உக்காந்திருக்கணும். பழக்காரம்மா ஒரு நாளைக்கு ஒரு பழம் தின்னு பாத்திருக்கீங்களா? தின்னா போகணுமேன்னு தின்ன மாட்டா. வித்துக்கிட்டு மட்டும் இருப்பா. மாசத்துல சில நாள் நாங்க என்ன பண்றோம்னு உங்களுக்குத் தெரியுமா? கடையைச் சாத்திட்டு வீட்டுக்குப் போறோம். அந்த நாள் வருமானத்தை யார் தருவா, நீங்களா?"

நிறுத்த முடியவில்லை. அடுப்பில் வைத்ததை அவர் இறக்க மறந்தது பற்றியும் இரண்டு வரி வந்தது. அதற்கும் பெண்கள் கைதட்டினார்கள். ஊருக்கு முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்ட சாவிக்காரருக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். மாறாக, அப்பாடா என்றிருந்தது. ஏன் அப்படி என்று வீடு வரும் வரை யோசித்தும் விளங்கவில்லை.

கழிப்பறை கட்டலாம் என்று கூட்டம் முடிவு செய்தது. எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கும் செயலியிலேயே ஓட்டு. பொறியாளர் ஒருநாள் சந்தைக்கு வந்து நாடா பிடித்து அளந்துவிட்டு மூன்று இடங்களைப் போட்டார். பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம், மீன் கொட்டகைக் கோடி, சந்தை முக்கு. பின்பக்கம் இருட்டு. மீன் கொட்டகையில் வருஷம் முழுக்கத் தரை ஈரம். சக்கர நாற்காலியில் வருபவர்கள் போகவே முடியாது. முக்கில் விளக்கு இருக்கிறது, தண்ணீர்க் குழாய் இருக்கிறது, தரையும் சமம்.

முக்கில் இன்னொன்றும் இருந்தது. ஒரு தகரக் கடை.

படத்தில் தன் கடை இருக்கும் இடத்தில் ஒரு நீலக் கட்டம் போட்டிருந்ததைச் சாவிக்காரர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். படம் தலைகீழாக இருக்குமோ என்று போனைத் திருப்பிப் பார்த்தார். கட்டமும் கூடவே திரும்பியது.

"சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிட்டீங்களேண்ணே" என்றார் முட்டைக்காரர்.

"நான் எங்க வெச்சேன்? அதுவா வெச்சது" என்றார் இவர்.

மீன் கொட்டகைக்கு ஓட்டுப் போடலாம் என்று யாரும் பார்க்காதபோது அழுத்தினார். போன் பேசியது. எழுத்து தெரியாதவர்களுக்காக அது எல்லாவற்றையும் பேசிவிடும், அதுவும் சத்தமாக. "கோரிக்கை வைத்தவர் இட வாக்கெடுப்பில் கலந்துகொள்ள முடியாது." பழக்காரம்மா திரும்பிப் பார்த்தாள். அவர் போனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

வைக்காத கோரிக்கைக்குக் கோரிக்கையாளர். போக வேண்டிய கடைக்குச் சொந்தக்காரர். ஓட்டு மட்டும் கிடையாது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? வேண்டாம் என்று சொன்னால், அடக்கிக்கொள் என்று இன்னொரு தடவை சொன்னதாகாதா? நல்லதுதானே என்று சொன்னால், அவர் பிழைப்புக்கு யார் நல்லது சொல்வது? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும்போது மனிதன் எந்தப் பக்கம் கோபப்படுவது என்று தெரியாமல், மெஷினைப் போட்டு யாரும் கேட்காத சாவி ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தார்.

அன்று சாப்பிடும்போது மனைவியிடம் சும்மா கேட்பது போலக் கேட்டார்.

"நீ ஓட்டுப் போட்டாச்சா?"

"ஆச்சு. இப்பத்தான் எனக்குன்னு ஒரு நம்பர் இருக்கே."

"எந்த எடத்துக்கு?"

அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தாள். "சாப்பிடுங்க முதல்ல" என்றாள்.

முக்குதான் ஜெயித்தது. கொஞ்சநஞ்ச வித்தியாசம் இல்லை. மற்ற இரண்டும் சேர்ந்தாலும் பாதி வராது. சாவிக்காரருக்கு எதிர்ப்புறம் மாடிப்படிக்கு அடியில் இடம் கொடுத்தார்கள். மனைவியின் பலகையும் அங்கேயே போனது. நியாயமான இடம்தான், மழை படாது. ஆனால் யார் கண்ணிலும் படாது. சாவி தொலைத்தவர்கள் பழைய முக்குக்குப் போய்த் தேடிவிட்டு, கட்டட வேலை நடப்பதைப் பார்த்து, சாவிக்காரர் தொழிலையே விட்டுவிட்டார் என்று திரும்பினார்கள். பல நாள் மெஷின் சும்மா கிடந்தது. முணுமுணுத்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் தாங்க முடியாமல் வார்டுக் குரலைத் திறந்தார். இந்தத் தடவை சுற்றுமுற்றும் பார்த்து, யாரும் பக்கத்தில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வாயைப் போனுக்கு ஒட்டி வைத்துச் சொன்னார்: "என் கடை எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியல." அவ்வளவுதான் சொன்னார். போன் அதை அப்படியே எழுதியது. அதற்கு மேல் ஒழுங்குபடுத்த அதில் ஒன்றும் இல்லை.

சாயங்காலத்துக்குள் சந்தைப் பெண்கள் அதற்கு 'ஆமாம்' போட்டுக் குவித்துவிட்டார்கள். பலர் எதற்கென்று படித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது கொழுந்தியாளின் கருத்து. எப்படியோ, பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, கட்டி முடித்த கழிப்பறைச் சுவரில் 'சாவி, தையல் எதிர்ப்புறம்' என்று அம்புக்குறியோடு எழுதிக் கொடுத்தார். போன வியாபாரத்தில் முக்கால்வாசி திரும்பி வந்தது. கால்வாசி வரவில்லை. இனி வராது.

திறப்பு விழா என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் நாள் வரிசை நின்றது. இரண்டாம் நாளிலிருந்து எல்லாரும் அது எப்போதுமே அங்கே இருந்தது போல வந்து போனார்கள். பராமரிப்பைப் பார்த்துக்கொள்ளச் சந்தைப் பெண்களில் சிலரைச் செயலி வழியாகவே தேர்ந்தெடுத்தார்கள். மனைவியும் ஒருத்தி. கதவுத் தாழ்ப்பாள் சரியில்லை என்று அவள் அதில் பேசினால் மறுநாள் ஆள் வருகிறான். வீட்டுத் தாழ்ப்பாளை மாட்டச் சொல்லி அவரிடம் அவள் கேட்டுக்கொண்டிருப்பது எத்தனை மாதமாக என்று அவருக்கே வெட்கமாகப் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டிவிட்டார்.

ஒருநாள் வேலை ஓய்ந்த நேரம். மனைவி பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, தலையைத் தூக்கிக் கடகடவென்று குடித்துக்கொண்டிருந்தாள். சாவிக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். கேட்கக் கூடாது என்று வைத்திருந்த கேள்வி வாயிலிருந்து நழுவிவிட்டது.

"அன்னிக்கு நீ எதுக்குப் போட்ட?"

அவள் பாட்டிலை இறக்கி வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"முக்குக்குத்தான். பின்னால இருட்டுல நான் எப்படிங்க போவேன்?"

"நம்ம கடைன்னு நெனைக்கலையா?"

"நெனைச்சேன். போட்டுட்டு அழுதேன். அன்னிக்கு உங்களுக்கு ரெண்டு கரண்டி கூடுதலா வெச்சேன், கவனிக்கலையா?"

அவருக்குக் கோபம் வரும் என்று அவளும் காத்திருந்தாள், அவரும் காத்திருந்தார். வரவில்லை. வருத்தம் வந்ததா என்றால் அதுவும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஓட்டுப் போட்டுவிட்டு அழுகிறவர்களைப் பற்றி அவர் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

"நான் மீன் கொட்டகைக்குப் போடப் பாத்தேன்" என்றார்.

"தெரியும். பழக்காரம்மா சொன்னா."

"சொல்லிட்டாளா!"

"சந்தைக்கே சொல்லிட்டா."

அதற்குள் கையில் பூட்டோடு ஒருவர் வந்து நின்று, "சாவிக்காரர் கடை இதுதானே?" என்று கேட்டார். "ஆமாம்" என்று சாவிக்காரர் பூட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.